ஆடலுக்கு முழங்கும் தோல்

நாட்டியம் பார்க்கப் போகிறவர்கள் ஆடுகிற பெண்ணைப் பார்க்கிறார்கள். அதுதான் முறை. அவளைப் பார்க்கத்தானே நுழைவுச்சீட்டு வாங்கினார்கள்! மேடையின் ஓரத்தில், விளக்கு பாதி விழுந்தும் பாதி விழாமலும் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கையில் தாளம், ஒருவர் பாடுவார், ஒருவர் மிருதங்கம், ஒருவர் குழலோ வயலினோ. அந்த வரிசையில் மிருதங்கத்தோடு உட்கார்ந்திருக்கிறவன் நான். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அதே ஓரத்தில்தான் இருக்கிறேன். இன்று என்னைப் பற்றியும், எனக்கு முன்னால் ஆடலுக்கு முழவு கொட்டியவர்களைப் பற்றியும் மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சில செய்திகளைச் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

என் ஊர் மல்லாங்கிணறு. நான் சிறுவனாக இருந்தபோது அது இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985-இல் மாவட்டம் பிரிந்தபின் இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. வடக்கே காரியாபட்டி, தெற்கே அருப்புக்கோட்டை, கிழக்கே திருச்சுழி. எங்கும் கரிசல் மண். மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும். பெய்யாவிட்டால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தி, கம்பு, சோளம், மல்லி, மிளகாய் ஆகிய இவைதாம் வெள்ளாமை. குண்டாறு என்று ஓர் ஆறு உண்டு. அதில் தண்ணீரைக் காட்டிலும் மணலைத்தான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்ட சீமையில் மிருதங்கக்காரன் எங்கிருந்து வந்தான் என்று கேட்பீர்கள். காவிரிக்கரையில் அல்லவா இசை விளையும் என்பது பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கை முழு உண்மை அன்று. வானம் பார்த்த பூமியிலும் தோல் முழங்கும். உள்ளபடி சொன்னால், அறுவடை முடிந்து அடுத்த மழை வரும்வரை உழவனுக்கு வேலை இல்லாத அந்த நெடுங்காலத்தில்தான் கோயில் கொடைகளும் பொங்கல்களும் வரிசையாக வருகின்றன. விருதுநகர் பராசக்தி மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல், இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா. இடைப்பட்ட மாதங்களில் ஊருக்கு ஊர் அம்மன், அய்யனார், கருப்பசாமி. இத்தனை சாமிக்கும் மேளம் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மேளம் என்றால் நையாண்டி மேளம். பழைய காலத்தில் மேளத்தை வகைப்படுத்திப் பேசுவார்கள். கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு ஊதும் நாதசுரமும் தவிலும் பெரிய மேளம். ஆடற்பெண்களும் நட்டுவனாரும் மத்தளக்காரரும் சேர்ந்த குழு சின்ன மேளம். இந்த இரண்டிலும் அடங்காமல் தெருவில் கரகாட்டத்துக்கும் குறவன் குறத்தி ஆட்டத்துக்கும் வாசிப்பது நையாண்டி மேளம். பெயரிலேயே ஓர் இளக்காரம் தொனிக்கிறது. யார் வைத்த பெயரோ! நாதசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, தமுக்கு அல்லது உறுமி, தாளம் என்று இக்குழு அமையும்; வசதிக்கு ஏற்ப ஆள் கூடும், குறையும். பம்பை என்பது ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய இரட்டை முழவு. உறுமி இடை சுருங்கிய தோற்கருவி. அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் ஒலியை நேரில் கேட்டவர் மறக்கமாட்டார். மாடு அடிவயிற்றிலிருந்து முனகுவது போல் இருக்கும்.

எங்கள் ஊருக்கு வருகிற செட்டில் ஒரு முதியவர் தவில் வாசிப்பார். பெயரை இங்கே சொல்லவில்லை. தம் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லவும் கூசுகிறவர் அவர். தாத்தா என்றே நான் கூப்பிடுவேன். வலக்கை விரல்களுக்குத் துணி சுற்றிப் பசையிட்டு இறுகக் காயவைத்த கூடுகள். இடக்கையில் பூவரசங் குச்சி. கரகாட்டக்காரி வட்டத்துக்குள் வந்து நின்றதும் அவர் அவளுக்கு எதிரே போய் நிற்பார். மேடையில் என்னைப் போல் ஓரத்தில் உட்கார்ந்து வாசிப்பது இல்லை அது. அவரும் ஆட்டத்துக்குள்ளேயே இருப்பார். அவள் முன்னால் வந்தால் இவர் பின்னால் போவார். அவள் சுற்றினால் இவரும் சுற்றுவார். தவிலின் எடை கொஞ்சநஞ்சம் அன்று. பலாமரத்தைக் குடைந்து செய்த உடல், அதன்மேல் வளையங்களும் வார்களும். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை நிற்பார், நடப்பார், குதிப்பார்.

அவருடைய கண் எங்கே இருக்கும் என்பதைச் சிறுவயதிலேயே கவனித்தேன். அவளுடைய காலைப் பார்க்கமாட்டார், முகத்தையும் பார்க்கமாட்டார். தலையின் மேல் இருக்கும் கரகத்துக்கும் அவள் கழுத்துக்கும் நடுவே பார்வை நிற்கும். ஏன் தாத்தா என்று ஒரு முறை கேட்டேன்.

“காலு பொய் சொல்லும் அப்பு, கழுத்து சொல்லாது” என்றார்.

இதன் பொருள் எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. ஆடுகிறவள் ஏணியின்மேல் ஏறும்போதும், தரையில் கிடக்கும் ஊசியை எடுக்க உடலை வளைக்கும்போதும், கால் தாளத்தில் இருப்பது போலவே தோன்றும். ஆனால் உடலின் நிறை மாறிவிட்டதைக் கழுத்துத்தான் முதலில் காட்டும். அந்தக் கணத்தில் தவில் தன் வேகத்தைத் தணித்துக்கொள்ள வேண்டும். தணிக்காமல் இன்னும் முடுக்கினால் கூட்டம் கைதட்டும். கரகம் கீழே விழும். தாத்தா வாசித்த எந்த இரவிலும் கரகம் விழுந்து நான் பார்த்ததில்லை. அது ஆடினவளுடைய திறமை என்று ஊர் சொல்லும். அவரும் அப்படியே சொல்வார்.

மாணவர்களே, இந்தத் தணிப்பு ஒன்றும் எங்கள் ஊர்த் தாத்தா கண்டுபிடித்தது அன்று. சிலப்பதிகாரத்தில் அரங்கேற்று காதை என்று ஒரு பகுதி இருக்கிறது. மாதவி ஐந்தாம் வயதில் பயிலத் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். அவளுக்கு ஆடல் கற்பிப்பவன், இசை ஆசிரியன், பாடல் இயற்றும் புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் இருக்கவேண்டிய தகுதிகளை இளங்கோவடிகள் தனித்தனியாக எடுத்துரைக்கிறார். தண்ணுமை என்பது முழவு. அதை வாசிப்பவனுக்குத் தோலில் அடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஆடல் தெரியவேண்டும், பாடல் தெரியவேண்டும், தமிழ் தெரியவேண்டும், பண்ணும் தூக்கும் தெரியவேண்டும். யாழும் குழலும் பாடுகிறவளின் மிடறும் ஒத்துக் கேட்குமாறு வாசிக்க வேண்டும். மற்றக் கருவிகளில் குறை நேர்ந்தால் நிரப்ப வேண்டும். மிகை நேர்ந்தால் அடக்க வேண்டும். அதையும் அளவுக்கு மிஞ்சிச் செய்துவிடக் கூடாது. நிரப்புவதும் அடக்குவதும் என்று எவ்வளவு தெளிவாக வகுத்திருக்கிறார், பாருங்கள்! முதன்முதலாக இதைக் கல்லூரியில் படித்தபோது, கரிசல் காட்டுப் பொட்டலில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நான் பார்த்ததை யாரோ எனக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார் என்றே தோன்றியது.

நான் மிருதங்கம் கற்றது மதுரையில். கச்சேரி வாசிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. ஆனால் வயிற்றுக்கு வழி காட்டியது நாட்டியம். கச்சேரி மிருதங்கமும் நாட்டிய மிருதங்கமும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். கருவி ஒன்றுதான், தொழில் வேறு. கச்சேரியில் பாடகர் போகிற போக்கில் நாம் போகிறோம். நடுவில் தனி ஆவர்த்தனம் என்று நமக்கென ஒரு பங்கு கிடைக்கும். அதில் நம் கணக்கைக் காட்டிக்கொள்ளலாம். நாட்டியத்தில் அந்தப் பங்கு இல்லை. நட்டுவனார் சொல்லும் சொற்கட்டு, ஆடுகிறவளின் காற்சலங்கை, பாட்டின் சொற்பொருள் ஆகிய மூன்றுக்கும் நடுவே நம் கை ஓட வேண்டும். அலாரிப்பிலும் தில்லானாவிலும் கால் முந்தும். அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் தோல் பதில் சொல்ல வேண்டும். பதம் ஆடும்போது காலுக்கு வேலையே இல்லை. முகமும் கையும் பேசும். அப்போது மிருதங்கம் இருப்பதே தெரியக்கூடாது. வாசிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்வதற்கு எனக்குப் பத்தாண்டு பிடித்தது.

அதற்கு ஒரு விலையும் கொடுத்தேன். தொடக்கக் காலத்தில் ஒரு விழாவில் ஓர் இளம்பெண்ணுக்கு வாசித்தேன். வர்ணத்தில் ஒரு நீண்ட தீர்மானம். ஒத்திகையில் ஒழுங்காகவே வாசித்தவன் மேடையில் கூட்டத்தைக் கண்டதும் கை அரித்து, ஒத்திகையில் இல்லாத ஒரு பின்னலை இடையில் செருகினேன். கூட்டத்தில் நாலு பேர் தலையாட்டினார்கள். அந்தப் பெண்ணுக்குக் கால் தடுமாறிற்று. ஒரு தட்டுத் தவறி, அடுத்த தாளச் சுற்று முழுவதும் அதைப் பிடிக்கப் போராடினாள். கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் தப்பு ஆடினாள் என்பதுதான். நிகழ்ச்சி முடிந்ததும் நட்டுவனார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மிருதங்கத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தேன். அருகில் வந்து, “அந்தப் பிள்ளைக்கு இது முதல் பெரிய மேடை, தெரியுமா?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்ததை நான் கண்டேன். போய் மன்னிப்புக் கேட்கத் துணிவில்லை. இன்றுவரை கேட்கவும் இல்லை.

இனி, ஆடலுக்கு இசை இயற்றுவது எப்படி என்பதைச் சற்று விளக்குகிறேன். இது கணக்கு வகுப்பு என்று பயப்பட வேண்டாம். விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

தோலின் மொழிக்கு எழுத்து உண்டு. அதைச் சொற்கட்டு என்கிறோம். மூன்று எண்ணுக்குத் தகிட. நான்குக்குத் தகதிமி. ஐந்துக்குத் தகதகிட. ஏழுக்குத் தகிடதகதிமி. ஒன்பதுக்குத் தகதிமி தகதகிட. இந்த ஐந்தையும் முறையே திசிரம், சதுரசிரம், கண்டம், மிசிரம், சங்கீர்ணம் என்று சொல்வார்கள். எத்தனை பெரிய தீர்மானமானாலும் இந்தச் சிறு கட்டிகளை அடுக்கியே கட்டப்படுகிறது. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டும் மூன்று விரலும், பிறகு தட்டும் வீச்சும், மறுபடியும் தட்டும் வீச்சும். ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் நான்கு மாத்திரை வைத்தால் ஒரு சுற்றுக்கு 32 மாத்திரை. இப்போது ஒரு தீர்மானம் கட்டவேண்டும். ஒரே சொற்கட்டை மூன்று முறை சொல்லி, முடியும்போது சரியாக அடுத்த சுற்றின் முதல் தட்டில் வந்து இறங்க வேண்டும். ஏன் மூன்று முறை? முதல் முறை கேட்பவனுக்குப் புதிது. இரண்டாம் முறை அடையாளம் கண்டுகொள்கிறான். மூன்றாம் முறை எங்கே முடியும் என்று அவனே எதிர்பார்க்கிறான். அங்கே முடிந்ததும் அவன் உடம்பே ஒரு துள்ளுத் துள்ளுகிறது. இது என் கருத்து. வேறு காரணம் சொல்வோரும் உண்டு.

32-ஐ மூன்றால் வகுத்தால் மீதி வருகிறது. அந்த மீதியை என்ன செய்வது என்பதில்தான் இயற்றுபவனின் கை தெரியும். எட்டு மாத்திரைச் சொல் ஒன்றை எடுத்து, நடுவே நான்கு நான்காக இரண்டு இடைவெளி விடலாம்: 8, 4, 8, 4, 8. கூட்டிப் பாருங்கள், 32. அல்லது பத்து மாத்திரைச் சொல் ஒன்றை எடுக்கலாம். தகிட தகிட தகதிமி. மூன்றும் மூன்றும் நான்கும் பத்து. மும்முறை சொன்னால் 30. மீதி இரண்டு மாத்திரை. அவற்றை இடையில் ஒவ்வொன்றாக வைத்தால் 10, 1, 10, 1, 10. அதுவும் 32. முதல் வகை ஆற அமர நடக்கும். ஆடுகிறவளுக்குத் திரும்பி நிற்க நேரம் கிடைக்கும். இரண்டாவது வகை மூச்சு விடாமல் துரத்தும். அந்த ஒற்றை மாத்திரை இடைவெளியில் கால் தூக்கி வைக்கத்தான் இடம். ஆகவே காகிதத்தில் கணக்குச் சரியாக இருந்தால் போதாது. யார் ஆடப்போகிறாள், அவள் கால் எத்தகையது என்பதும் கணக்கில் சேரும். மௌனத்தையும் மாத்திரையாக எண்ணத் தெரிந்தவனே இந்தத் தொழிலில் நிற்க முடியும்.

இந்தக் கலையை இன்று நாம் மேடையில் காணும் வடிவுக்குக் கொண்டுவந்தவர்கள் தஞ்சை நால்வர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நான்கு உடன்பிறந்தோர். 1802-க்கும் 1810-க்கும் இடையே பிறந்தவர்கள். சுப்பராய நட்டுவனாரின் மக்கள். முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை கற்றவர்கள். இரண்டாம் சரபோசி மன்னரின் தஞ்சை அவையில் விளங்கினார்கள். அலாரிப்பு, சதிசுரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்று ஒரு நாட்டிய நிகழ்ச்சி படிப்படியாகச் செல்கிறதே, அந்த ஒழுங்கை அமைத்துத் தந்தவர்கள் அவர்களே. பின்னாளில் சின்னையா மைசூர் அவைக்குச் சென்றார். வடிவேலு திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மன்னரின் அன்புக்கு உரியவரானார். அப்போதுதான் நம் நாட்டு இசைக்குள் நுழைந்துகொண்டிருந்த வயலினை அவர் அருமையாகக் கையாண்டார். 1834-இல் மன்னர் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். நட்டுவனார் குடும்பத்துக்குக் கிடைத்த அத்தகைய பெருமை பின்னால் வந்த பலருக்கு வாய்க்கவில்லை.

நால்வரின் வழியில் வந்தவர் பந்தனைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1954 வரை வாழ்ந்தவர். ருக்மிணிதேவிக்கு ஆசான். அவ்வழியில் வந்த இன்னொருவர் கந்தப்பப் பிள்ளை. பாலசரசுவதி அம்மையாருக்குக் கற்பித்தவர் அவர். 1925-இல் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது பாலசரசுவதிக்கு வயது ஏழு. கந்தப்பப் பிள்ளை உதயசங்கர் அல்மோராவில் நடத்திய கலைக்கூடத்துக்கும் போய்க் கற்பித்தார்; நாற்பத்திரண்டு வயதளவில் 1941-இல் மறைந்துவிட்டார். அவருக்குப் பின் அவர் மகன் கணேசன் பாலசரசுவதிக்கு நட்டுவாங்கம் செய்தார். இந்த வரலாற்றை நீங்கள் பாடநூல்களில் படித்திருக்கலாம். என் தொழிலுக்கு நெருங்கிய ஒரு பெயரைச் சேர்த்துச் சொல்கிறேன்: தஞ்சாவூர் இரங்கநாதன். பாலசரசுவதியின் தம்பி. வீணை தனம்மாளின் பேரர். பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கம் கற்றவர். தமக்கையின் நாட்டியத்துக்கும் வாசித்தார், கச்சேரிகளுக்கும் வாசித்தார். 1963-இல் அமெரிக்காவில் வெசுலியன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். தாளம் போடவே அறியாத அயல்நாட்டு இளைஞர்களைத் தகதிமி சொல்லவைத்தார். 1987-இல் மறைந்தார். அக்கா ஆடத் தம்பி வாசிப்பது என்பது எவ்வளவு நுட்பமான நிலை, எண்ணிப் பாருங்கள். அம்மா செயம்மாள் பாடுகிறார், மகள் ஆடுகிறாள், மகன் முழவு. ஒருவர் மூச்சு இழுப்பதை மற்றவர் அறிவர். எங்களைப் போன்றவர்கள் ஒத்திகையில் தேடிப் பெறவேண்டியது அவர்களுக்கு வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்திருக்கிறது.

முன்னெல்லாம் சின்ன மேளத்தில் வாத்தியக்காரர்கள் ஆடுகிறவளுக்குப் பின்னால் நின்றுகொண்டே வாசிப்பார்கள். மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவள் முன்னேறினால் முன்னேறி, பின்வாங்கினால் பின்வாங்குவார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் அவர்களை மேடையின் ஓரத்தில் உட்காரவைக்கும் வழக்கம் வந்தது. பார்வைக்கு அழகு, மறுப்பதற்கு இல்லை. ஆனால் ஆடுகிறவளின் முதுகைப் பார்த்து வாசித்தவன் இப்போது அவளுடைய பக்கவாட்டைப் பார்த்து வாசிக்கிறான். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். நையாண்டி மேளக்காரர் மட்டும் இன்றும் நேருக்கு நேர் நிற்கிறார். தாத்தா பார்த்த அந்தக் கழுத்து என் இடத்திலிருந்து அவ்வளவாகத் தெரிவதில்லை.

இதே கரிசல் சீமையில் தெற்கே போனால் இராசகம்பளத்தாரின் தேவராட்டத்தைக் காணலாம். அதற்குப் பாட்டே கிடையாது. தேவதுந்துபி என்னும் முழவு ஒன்றுதான். அடி மாறினால் ஆட்டம் மாறும். அங்கே யார் ஆடலை இயற்றியவர் என்று கேட்டால், முழவை அடிப்பவரைத்தான் காட்ட வேண்டும். ஆனால் அப்படி யாரும் காட்டுவதில்லை.

நையாண்டி மேளத்திலும் அதுவே நிலை. தாத்தா பல அடிகளைத் தாமாகக் கட்டியவர். நாதசுரக்காரர் ஒரு தெம்மாங்கை எடுத்தால், அதற்குள் எந்த நடையைச் சொருகலாம், எங்கே முடிக்கலாம் என்று இரவெல்லாம் மாற்றி மாற்றிப் பார்ப்பார். நன்றாக அமைந்ததை மறுநாள் வேறோர் ஊரில் மீண்டும் வாசிப்பார். கோடைக்குள் அது ஒரு வடிவம் பெற்றுவிடும். அதற்குப் பெயர் இல்லை, ஏட்டில் இல்லை, அவருடையது என்பதற்குச் சான்று இல்லை. மேளம் பேச வருகிறவர்கள் அச்சாரம் கொடுத்து வெற்றிலை பாக்கு மாற்றும்போது, கரகம் யார், குறத்தி யார் என்றுதான் கேட்பார்கள். தவில் யார் என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கோயிற் பருவம் முடிந்தால் அவர் காட்டு வேலைக்குப் போவார். பருத்தி எடுக்கும் கையும் தவில் அடிக்கும் கையும் ஒரே கைதான்.

அவர் கட்டிய அடிகளில் ஒன்று, மேலே நான் சொன்ன பத்து மாத்திரைத் தீர்மானம். சிறுவயதில் கேட்டது காதில் தங்கிவிட்டது. பின்னாளில் ஒரு நாட்டிய நாடகத்துக்கு இசை அமைக்கும் வேலை வந்தபோது, குறத்தி நுழையும் இடத்தில் அதையே வைத்தேன். 10, 1, 10, 1, 10 என்று மிருதங்கத்துக்கு ஏற்றவாறு எழுதிக்கொடுத்தேன். அந்த இடத்தில் கூட்டம் ஒவ்வொரு முறையும் கைதட்டிற்று. இது எங்கள் ஊர்ப் பக்கத்துத் தவில்காரர் கட்டியது என்று நிகழ்ச்சித் தாளில் போடுங்கள் என்றேன். இடம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். இசையமைப்பு என்று என் பெயரையே போட்டார்கள். நானும் இரண்டாம் முறை கேட்கவில்லை. அந்தத் தாளைத் தாத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்று எண்ணிய காலத்தில் அவர் இல்லை. சாவுக்கும் நான் போகமுடியவில்லை. அன்று வெளியூரில் கச்சேரி. ஆனால் அவர் சாவுக்கு மேளம் வந்திருந்தது என்று கேள்விப்பட்டேன்.

இப்போது தமிழ்நாட்டு அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் தவிலும் மிருதங்கமும் நாதசுரமும் பரதநாட்டியமும் மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. சென்னை இசைக் கல்லூரியில் நட்டுவாங்கத்துக்கென்றே பயிற்சி உண்டு. உங்களில் விருப்பமுள்ளவர்கள் விசாரித்துப் பாருங்கள். அங்கே கற்பது பெரிய மேளத்துத் தவில். தெருவில் கரகத்துக்கு எதிரே நின்று வாசிக்கும் தவிலை இன்னும் தெருவில்தான் கற்கவேண்டும். அதைக் கற்பிக்கும் தெருக்கள் குறைந்துகொண்டு வருகின்றன. பல ஊர்ப் பொங்கலில் இப்போது ஒலிபெருக்கியும் ஆடலும் பாடலும்தான். பதிவுசெய்த பாட்டுக்கு ஆடுகிறவளுக்குக் கால் தடுமாறினால் அந்தப் பாட்டு நிற்காது, தணியாது.

சென்ற பங்குனியில் ஊருக்குப் போயிருந்தேன். தாத்தாவின் பேரன் இருக்கிறான். சுமை ஏற்றும் சிறு வண்டி ஓட்டுகிறான்; விருதுநகருக்குப் பருப்பு மூட்டையும் மல்லி மூட்டையும் கொண்டுபோகிறான். தவில் தெரியுமா என்று கேட்டேன். கொஞ்சம் தெரியும், வாசிப்பதில்லை என்றான். என் மனத்தில் நெடுநாளாக ஒரு கடன் இருந்தது. உன் தாத்தாவின் அடி ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை உனக்குத் தந்துவிடுகிறேன் தம்பி என்று சொல்லி, அவன் வண்டியின் கதவில் விரலால் தட்டிக் காண்பித்தேன். தகிட தகிட தகதிமி, ஒரு மாத்திரை நிறுத்தம், மறுபடியும்.

கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“அது அப்பிடி இல்லைங்க ஐயா. நடுவுல நிக்காது.”

அவன் தட்டிக் காண்பித்தான். முதல் தட்டு விழுந்தது. ஆனால் தொடரவில்லை, இரண்டு மாத்திரை வெறுமை. அதன்பின் பத்தும் பத்தும் பத்தும் இடைவெளியே இல்லாமல் ஒரே ஓட்டமாக ஓடி, அடுத்த சுற்றின் தலையில் இறங்கிற்று. 2, 10, 10, 10. அதுவும் 32-தான். மீதி இரண்டையும் நான் இடையில் பங்கிட்டு வைத்திருந்தேன். தாத்தா இரண்டையும் முன்னாலேயே செலவழித்திருக்கிறார்.

எதற்காக முதலில் நிறுத்தம் என்று கேட்டேன்.

“கரகக்காரம்மா சுத்தி வந்து நிப்பாங்கள்ல, செம்பு ஆடும். அது ஆடி நிக்கணும். அதுக்கு ரெண்டு விடணும்னு தாத்தா சொல்லும்” என்றான்.

பள்ளிச் சிறுவனாக நான் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டவன். முதல் தட்டின் முழக்கத்திலும் கூட்டத்தின் இரைச்சலிலும் அந்த வெறுமை எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம். அல்லது தாத்தா இரண்டு வகையாகவும் வாசித்திருக்கலாம். கேட்டுத் தெளிய ஆள் இல்லை. இன்னொரு முறை தட்டச் சொன்னேன். தட்டினான். கைப்பேசியில் பதிந்துகொண்டேன். மூட்டை ஏற்ற நேரமாகிவிட்டது என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த மாதம் அந்த நாட்டிய நாடகம் மீண்டும் மேடை ஏறிற்று. ஒத்திகையில் குறத்தி நுழையும் இடம் வந்ததும், ஆடுகிற பெண்ணிடம் கணக்கை மாற்றுகிறேன் என்று சொன்னேன். அவள் தலையில் கரகம் இல்லை. நின்று நிதானிக்க வேண்டியது ஒன்றும் இல்லை. இரண்டு மாத்திரை சும்மா நின்றால் மறந்துவிட்டேன் என்று நினைப்பார்களே என்று தயங்கினாள். நின்று பார் என்றேன். நின்றாள்.